சம்பா மண்டபத்தில் கலியாணக் கதிரைகள்

ஹம்பேர்க்கில் ஒரு பிரேசில் இசை மண்டபத்தில் எனக்கு ஒரு நாள் சோதனை வேலை கிடைத்தது. முதலாளிக்கு என்னைப் பிடித்துக்கொண்டால் ஃபெர்ட்ராக், அதாவது வேலை ஒப்பந்தம். அது இல்லாமல் விசா புதுப்பிக்க முடியாது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பேக்கரி, மீன் குளிரறை, கப்பல் துப்புரவு என்று ஓடியவன். ஆனால் முன்பு ஹம் என்ற இன்னொரு ஜெர்மன் நகரில் தமிழ்க் கலியாணங்களுக்கு மண்டபம் அடுக்கிய பழக்கம் இருந்தது.

"பின்னேரம் சம்பா இசை. மண்டபத்தை ஆயத்தமாக்கு" என்று சொல்லிவிட்டு முதலாளி ரொசானா வாத்தியக்காரரைக் கூட்டிவரப் போனார்.

நானும் ஆயத்தமாக்கினேன். மேடையைப் பார்த்து உட்கார வரிசையாகக் கதிரைகள், நடுவில் வழி, முன்னால் பிரதம விருந்தினருக்கு ஒரு சோபா.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்குக் கலியாணம்?"

கோபத்தில் தன் போர்த்துக்கேய மொழிக்கு மாறினார். "கதேய்ரா" மட்டும் விளங்கியது, எங்கள் கதிரையேதான். பிறகு ஜெர்மனில் விளக்கினார்: வாத்தியக்காரர் மேடையில் ஏறுவதில்லையாம். நடுவில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்களாம். சனம் சுற்றி நின்று ஆடுமாம்.

மேசையை நடுவழியில் போடுவதற்குள் சனம் வந்துவிட்டது. ஜெர்மன்காரர் கோட்டை மடியில் வைத்து ஒழுங்காக அமர்ந்தார்கள். எழும்பச் சொன்னால் டிக்கெட்டைக் காட்டினார்கள். பாட்டுத் தொடங்கியும் ஒருவரும் அசையவில்லை.

"இதென்ன தேவாலயமா? இவையளை எழுப்பு. இல்லாட்டி நீ வீட்டுக்குப் போ" என்றார் ரொசானா.

சமையலறையில் பாத்திரம் கழுவிய சந்திரன் அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, நான் ஆடுறன். எழும்புறவையின்ர கதிரையை நீங்கள் இழுங்கோ."

"உனக்குச் சம்பா தெரியுமோ?"

"எங்கட ஊர்ப் பைலா ஆட்டம் தெரியும்."

"அதுவே காணும், நட."

சோபாவில் இருந்த வெள்ளைத்தலை அம்மாவிடம் கை நீட்டினேன். கலியாண வீட்டுப் பைலாவை அந்தத் தாளத்தில் எடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அவரைப் பார்க்க அவர் கணவரும் எழுந்தார். கணவர் திரும்பினால் சோபா இல்லை! அண்ணை ஈரக்கையோடு அதை இழுத்துக்கொண்டு போனார். இருக்க இடமில்லாதவர் வேறென்ன செய்வார், ஆடினார். அடுத்தடுத்த பாட்டுகளில் வரிசைகள் கரைந்தன.

வியர்வையோடு நின்ற என்னிடம் ரொசானா வந்தார்.

"நீ ஆடினது சம்பா இல்லை."

"தெரியும்."

"நாளைக்குப் பாஸ்போர்ட்டைக் கொண்டு வா. ஃபெர்ட்ராக் எழுதுவம்."

இந்த வேலைக்கு வருகிறவர்கள் மண்டபத்தில் கை வைக்குமுன் ஒன்று கேளுங்கள்: வருகிற சனம் இருக்கப் போகிறதா, ஆடப் போகிறதா? கேட்க மறந்தால், கதிரை இழுக்க ஓர் அண்ணையையாவது பிடித்து வையுங்கள்.