அக்கா கட்டிய வீடு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் தம்பியாகிய என் வணக்கம். பொறுமைசாலி, அதிர்ந்து பேசாதவர், குடும்பத்துக்காகவே தேய்ந்தவர் என்று எழுதித்தான் முதலில் அச்சகத்துக்குக் கொடுத்தேன். என் மகள் அதைப் படித்துவிட்டு, "யாருப்பா இது? நம்ம அத்தை இல்லையே" என்றாள். தாளைத் திரும்ப வாங்கிவந்து மறுபடி எழுதுகிறேன்.

அக்கா மாகறலில் பிறந்தார். காணி நிலம் இல்லாத குடும்பம். அப்பா வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். எனக்கு மூன்று வயதில் அம்மா தவறிவிட்டார். அப்போது அக்காவுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு ஊட்டியதும் தலை வாரியதும் அக்காதான். பிறகு காஞ்சிபுரத்துக்குக் குடிவந்தோம். கணக்கில் அக்கா கெட்டி. பத்தாவது முடித்துவிட்டு மேலே படிக்கக் கேட்டபோது, "படிச்சு இன்னா கலெக்டரா ஆவப்போவுது?" என்று பெரிய மாமா சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இருபது வயதில் திருமணம். வாய்த்தவர் குடிப்பார், அடிப்பார். நாங்கள் பார்க்கப் போனால் அக்கா முகத்தில் வீக்கம் இருக்கும். "அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு" என்பார். நாங்களும் நம்பினோம், அல்லது நம்பியதாக வைத்துக்கொண்டோம். நான்கு வருடம் கழித்து ஒரு நாள் காலையில், வலது மணிக்கட்டு உடைந்த நிலையில், மாற்றுச் சேலைகூட இல்லாமல் பேருந்தில் வந்து இறங்கினார். அப்பா கையைப் பார்த்தார். "இனிமே அங்க போவ வேணாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அப்பாவை இன்றும் கும்பிடுகிறேன்.

அந்த ஆள் விடவில்லை. தெருமுனையில் நின்று கண்டபடி கத்துவார். வேலைக்குப் போகும்போது அப்பா இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். "ஒரு மாசம் பொறுத்துக்கம்மா, அவன் அடங்கட்டும்" என்றார். இரண்டு வருடத்தில் அந்த ஆள் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார். பயம் போனது, பூட்டு போகவில்லை. அப்பா பத்து ஆண்டு பூட்டினார். அவர் காலமானதும் சாவி என் கைக்கு வந்தது. எனக்குக் கல்யாணம் ஆகிச் செவிலிமேட்டுக்கு வீடு மாறினோம், பூட்டும் கூடவே வந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்து பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுவார். சேலைகளைக் கொண்டுவந்து கொடுப்பதும் வாங்கிப்போவதும் நான். வரதர் கருட சேவைக்கு ஊரே தெருவில் நிற்கும், அக்கா ஒரு முறையும் போனதில்லை. ஒரே ஒரு தடவை, "சாவி ஒண்ணு எனக்கும் குடேன்டா" என்று கேட்டார். "உனக்கு எதுக்குக்கா? நான்தான் இருக்கறேனே" என்றேன். அக்கா திரும்பக் கேட்கவில்லை. அதைத்தான் நாங்கள் எல்லோரும் பொறுமை என்று சொன்னோம்.

என் மகளுக்குப் பத்து வயதானபோது சிலம்பம் கற்க ஆசைப்பட்டாள். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் வகுப்பு. எனக்குக் கம்பெனியில் ஷிப்ட். என் மனைவிக்குப் பட்டுக் கடையில் வேலை, அந்த இரண்டு நாளும்தான் கூட்டம் அதிகம். வேறு வழியில்லாமல் அக்காவைத் துணைக்கு அனுப்பினேன். அப்போதும் சாவியை மகளிடம்தான் கொடுத்தேன், அக்காவிடம் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது.

மைதானத்தில் நடந்ததெல்லாம் மகள் பிற்பாடு சொல்லித் தெரிந்தது. சொல்லிக்கொடுப்பவர் இருபத்தைந்து வயதுப் பெண், பிள்ளைகளுக்கு அவர் 'மாஸ்டர்'. மூன்றாவது வாரம் அவர், "அக்கா, சும்மாதானே குந்திக்கினு இருக்கீங்க? ஒரு கம்பு புடிங்க" என்றாராம்.

"எனக்கு நாப்பத்தாறு வயசு ஆவுதும்மா."

"இந்தக் கம்புக்கும் வயசாயிடுச்சுக்கா. ஒடைஞ்சாலும் பரவால்ல, வாங்க."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டு வயதுக் குழந்தைகளோடு வரிசையில் நின்றிருக்கிறார். உடைந்து கூடிய மணிக்கட்டு முதல் மாதம் முழுக்கப் படுத்தியிருக்கிறது. கம்பு கை நழுவி விழும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்களாம். ஒரு நாள் நெற்றி புடைத்துக்கொண்டு வந்தார். என்னவென்று கேட்டதற்கு, "அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு" என்றார். அதே அலமாரி! அன்றும் நம்பினேன்.

ஆனால் மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் அக்கா வீட்டுக்குள் நடப்பது காதில் விழாது. இப்போது காலை அழுத்தி வைத்து நடந்தார். தரையைப் பார்த்துப் பேசுகிறவர் என் கண்ணைப் பார்த்துப் பேசினார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதையெல்லாம் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஏனோ உறுத்தியது.

இப்படியே இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. ஒரு நாள் அக்கா தொலைபேசியில் பேசுவது காதில் விழுந்தது.

"வீடு கட்டறது இப்ப நல்லா வந்துடுச்சும்மா. பின்பக்கம் மட்டும்தான் பாக்கி. அதையும் கட்டிட்டா எவனும் உள்ள வர முடியாது. தம்பிக்கு இன்னும் தெரியாது."

செவிலிமேட்டில் தெருவுக்கு நான்கு வீடு எழும்பிக்கொண்டிருந்த நேரம். அக்கா நமக்குத் தெரியாமல் எங்கேயோ வீடு கட்டுகிறார், பின்பக்கச் சுவர் எழும்பியதும் போய்விடுவார் என்று முடிவே கட்டிவிட்டேன். 'எவனும்' என்றது என்னைத்தான் என்றும் தோன்றியது. மாகறலிலிருந்து இரண்டு மாமாக்களையும் வரவழைத்து ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து வைத்தேன்.

பெரிய மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்த எடத்துலம்மா கட்டற? பட்டா யார் பேர்ல இருக்குது?" என்றார்.

அக்கா விழித்தார். பக்கத்தில் நின்ற என் மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் அக்காவுக்கும் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அக்கா அப்படிச் சிரித்து நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

"மாடிக்கு வா மாமா, காட்டறேன்" என்று சொல்லித் துணிக்கொடிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கம்பை எடுத்தார். யாருடைய அடியும் உடம்பில் படாதபடி கம்பை முன்னும் பின்னும் தலைக்கு மேலும் விடாமல் சுழற்றி நிற்பதற்குச் சிலம்பத்தில் 'வீடு கட்டுதல்' என்று பெயராம். அது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கம்பு சுழலச் சுழல அக்காவே சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இதான் மாமா நான் கட்டற வீடு. முடிஞ்சா உள்ள வா."

மாமா அங்கே கிடந்த தென்னமட்டையை எடுத்து நீட்டினார். அது பறந்துபோய் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. "அடி என் ராசாத்தி!" என்று மாமா கைதட்டினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்த மலரில் என் பெயரும் நல்லவிதமாக இருந்திருக்கும். நான் கைதட்டவில்லை. மாமாக்கள் பேருந்து ஏறியதும், "இந்த வயசுல கம்பு சுத்திக்கினு திரிஞ்சா நாலு பேர் இன்னா பேசுவாங்க?" என்று குதித்தேன். அக்காவை நிறுத்துவதற்காக மகளின் வகுப்பையும் நிறுத்தினேன். சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். நாலு பேரெல்லாம் சாக்கு. அக்காவுக்கு இனி நான் தேவையில்லை என்று ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம்.

மூன்று வாரம் அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்தார். கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் கிடைத்த இடத்தில், கம்பு இல்லாமல் கால் வரிசை மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது சனிக்கிழமை மாலை தலை சீவிச் செருப்பு மாட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"கதவத் தொற."

"எங்க போற?"

"வகுப்புக்கு."

"யாரு துணைக்கு?"

"நானேதான்."

"உள்ள போக்கா."

"தொறடா தம்பி."

அடுத்து நடந்தது ஒரு நொடிதான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முறுக்கவில்லை, அடிக்கவில்லை, பிடித்த கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். என் கை எங்கிருந்து இறங்குகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அக்காவை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறேன். எனக்குச் சோறு ஊட்டியவரை! அந்த ஆளுக்கும் எனக்கும் அந்த நொடியில் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

"நான் உன்ன உட்டு எங்கயும் போவல. போய்ட்டு வருவேன். அவ்ளோதான்" என்றார்.

பூட்டைத் திறந்தேன். சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அதன்பின் அக்கா மூன்று ஆண்டுகள் இருந்தார். மகளும் மறுபடி வகுப்புக்குப் போனாள். காலை வேளைகளில் வீட்டுப் பெண்களுக்கென்று மாஸ்டர் தொடங்கிய வகுப்பில் அக்கா புதியவர்களுக்குக் கால் வரிசை சொல்லிக்கொடுத்தார். தனியாகப் பேருந்து ஏறி மாகறல் கோயிலுக்குப் போய்வந்தார். சில நாள் நேரம் கழித்து வருவார். எங்கே போனாய் என்று கேட்க என் நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன்.

பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். மருத்துவமனையில் கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியைத் தூக்கி மாட்டிவைத்தார்கள். "இத்த எறக்குங்கம்மா, நான் வுழ மாட்டேன்" என்று அக்கா தினமும் கேட்டார். விழுந்துவிடுவார் என்று அவர்கள் இறக்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அனுப்பியபோது, வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும், "நீ உள்ள போ தம்பி. நான் கொஞ்ச நேரம் வெளியில நின்னுட்டு வரேன்" என்றார். நிற்கத் தெம்பில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற டவுன் பஸ்களைப் பார்த்தபடி தெருவில் நின்றார். நான் கூப்பிடவில்லை. அவராகத்தான் உள்ளே வந்தார். ஐந்தாம் நாள் மதியம் எங்களை விட்டுப் போனார்.

அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கடைசிவரை குளிப்பாட்டி உடுத்திய என் மனைவிக்கும், தென்னமட்டையை நீட்டிய பெரிய மாமாவுக்கும், இறுதி ஊர்வலத்தில் முன்னால் கம்பு சுழற்றிச் சென்ற வகுப்புப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாஸ்டருக்கு நன்றி சொன்னால் போதாது. என் வீட்டில் நான் செய்யாததை அவர் மைதானத்தில் செய்தார்.

சாவுக்கு வந்த உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவக் கடைசி வரைக்கும் வெச்சுப் பாத்துக்கின, உனக்குப் புண்ணியம்பா" என்றீர்கள். அன்று தலையாட்டினேன். அந்தப் புண்ணியம் என்னுடையதல்ல. பதினான்கு ஆண்டு நான் அக்காவைப் பார்த்துக்கொள்ளவில்லை, பூட்டி வைத்திருந்தேன். அக்கா ஒரு தடவைகூட இதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி