மெதுவாகப் போனால் பரிசு

பாசிர் ரிஸ் பூங்காவின் சைக்கிள் பாதையில் "ஸ்லோ" என்று வெள்ளைச் சாயத்தில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். பிரைமரி ஆறோடு நின்ற என் படிப்புக்கு அந்த இங்கிலீஷ் போதும். காலையில் நடக்கப் போகும்போது அதை ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் போவேன். வேண்டுமென்றே, வலது காலால். அந்தக் குதிகாலில்தான் தழும்பு இருக்கிறது. இத்தனை வயதில் தரையில் எழுதிய எழுத்தோடு என்ன சண்டை என்று கேட்பீர்கள். சண்டை இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், அப்பா வேலை செய்த இடத்துக் குவாட்டர்ஸில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். மாமாவுக்கு வேலை இருக்கும், இல்லாமலும் போகும். அப்பாவின் சைக்கிளில் சுற்றுவதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. பொங்கலுக்குக் குவாட்டர்ஸ் திடலில் நடக்கும் ஆண்கள் ரேஸில் கப் வாங்கியே தீருவது என்று வெறியாக இருந்தார்.

பெண்பிள்ளைகளுக்கும் அன்று சைக்கிள் போட்டி உண்டு. ஆனால் அது மெதுவாக ஓட்டும் போட்டி. கால் தரையில் படக்கூடாது, யாரும் தொட்டுப் பிடிக்கக்கூடாது, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேருகிறவளுக்குப் பரிசு. முந்திக்கொண்டு போகாத பெண்ணே நல்ல பெண் என்பதற்குப் பூப்போட்ட ஃபிளாஸ்க் ஒன்று கொடுத்தார்கள்.

பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும். தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, மாமா ஓட்ட, நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்தேன். வழியில் அவருடைய கூட்டாளி ஒருவன் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். உடனே மாமா எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார். வண்டி ஆடியதில் என் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது.

"மாமா நிறுத்து! கால்! நிறுத்து மாமா!"

"இரு லா பாப்பா, இவன முந்திட்டு நிறுத்துறேன்!"

முந்திவிட்டுத்தான் நிறுத்தினார். அதற்குள் குதிகால் தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வெளியே பெஞ்சில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "மச்சானுக்குத் தெரிஞ்சா சைக்கிள பூட்டி வச்சிடுவாரு. ரேஸ் போயிடும். சொல்லிடாத பாப்பா." எனக்கு வாயே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். நான் தலையாட்டினேன். வீட்டில் அவர் சொன்ன கதை வேறு. பூனை குறுக்கே வந்ததாம், நான் பயந்து காலை உள்ளே விட்டுவிட்டேனாம்.

"பொம்பளப் புள்ளைக்கு அடக்கமா உட்காரத் தெரியல!" என்று அம்மா தையல் போட்ட காலைப் பார்த்தும் திட்டினாள். அக்கம்பக்கத்தில் எனக்குப் பேரே வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில், "வாடி, சக்கரத்துல கால விட்டவளே," என்பார்கள். சிரிப்பார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதை நான் மறக்கவில்லை.

அந்த மெதுவாக ஓட்டும் போட்டியில் ஜெயித்தால் என் கால் நான் வைத்த இடத்தில் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாய் திறக்காமலே பேரைத் துடைத்துவிடலாம். அதனால் அம்மாவுக்குத் தெரியாமல் பேர் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தன் சின்னச் சைக்கிளைக் கொடுத்தாள். தையல் பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கட்டின்மேல் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே ஆறு பேர் கிளம்பினோம். நான்கு பேர் சீக்கிரமே காலை ஊன்றிவிட்டார்கள். அப்பாவுக்கு மேலாளான மண்டோரின் மகளும் நானும்தான் மிச்சம். மெதுவாகப் போகிற போட்டி முடிகிற மாதிரி இல்லை. மண்டோர் பொறுமை இழந்து, திடலின் மறுபக்கத்தில் ஆண்களை வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார். மாமாவும் அப்பாவின் சைக்கிளோடு அங்கே போய் நின்றார்.

மண்டோர் மகள் எனக்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். இனி நான் விழாமல் போய்ச் சேர்ந்தால் போதும். நாலு முழத் தூரம்தான். அப்போது குதிகாலில் சுரீர் என்றது. காலுறை நனைந்து சிவப்பது தெரிந்தது. சைக்கிள் ஆடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பெடலிலேயே வைத்திருந்தேன். மறுபக்கத்தில் ஆண்கள் ரேஸ் கிளம்புகிற விசில் சத்தம் கேட்டது.

திடீரென்று சைக்கிள் ஆடாமல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சீட்டின் மேல் மாமாவின் கை.

"ரத்தம் பாப்பா! எறங்கு, எறங்கு!"

"கை பட்டிருச்சு! அவுட்டு!" என்றார் மண்டோர். அவருடைய மகள் ஃபிளாஸ்க்கை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

என் வாழ்க்கையில் நாலு பேர் நடுவில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

"அன்னைக்கு நிறுத்து நிறுத்துன்னு கத்துனேன், அவன முந்திட்டு நிறுத்துறேன்னே! இன்னைக்கு யாரு உன்னப் புடிக்கச் சொன்னா?"

அப்பா மெல்ல நடந்து வந்து மாமாவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். மாமா கையைத் தூக்கிக்கூடத் தடுக்கவில்லை. அடுத்த வாரமே சாங்கிப் பக்கம் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். அம்மா தம்பிக்காக ஒரு மாதம் அழுதாள். என்னைத் திட்டியது தப்பு என்று அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. இனியும் தீராது.

அன்று நொண்டிக்கொண்டே திடலைக் கடந்து வீட்டுக்கு நடந்தேன். ஆண்கள் முதல் சுற்று முடித்து, மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் கிளம்பிய சுண்ணாம்புக் கோட்டின் மேல் அப்பாவின் சைக்கிள் மட்டும் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. ஸ்டாண்டு போடக்கூடத் தெரியாத ஆள் என்று நினைத்து, ரத்தம் வழிகிற காலாலேயே அதை ஓர் உதை உதைத்தேன். அது ஏன் அங்கே அப்படிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.