தக்காளி டிரெய்லருக்குள் ஒரு படுக்கையறை

வெல்டிங் பட்டறைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. உடைந்த எதையாவது கொண்டுவந்து போட்டுவிட்டு, அதை நாமே உடைத்த மாதிரி முறைப்பார்கள். பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் பட்டறைக்காரருக்கு வாக்கப்பட்டவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாலக்கோட்டில் பதினெட்டு வருஷமாக டிரெய்லர் செய்கிறேன். நான் பற்றவைத்ததில் எது விட்டுப்போனாலும் ரோட்டில் கொட்டியது தக்காளியோ கரும்போதான். அந்த தைரியத்தில்தான் இத்தனை நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஒரே ஒரு ராத்திரி

சேகருக்குத் தருமபுரியில் வங்கி வேலை. அரூர் பக்கம் ஒரு தோட்டக்காரர் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த சின்ன டிரெய்லரைச் சேகர் விலைக்கு வாங்கி, தன் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். அதன் மேல் கூடு கட்டி, உள்ளே படுக்கை போட்டு, வெளிப்பக்கம் அடுப்பு வைக்க மடக்குப் பலகை வைத்துத் தர வேண்டுமாம். மலை, காட்டோரம், தார் ரோடே இல்லாத இடம் எல்லாம் போவார்களாம். மனைவி, ஆறு வயது மகளோடு மூன்று பேரும் அதற்குள் தூங்குவார்களாம். போனில் ஒரு படம் காட்டினார். அதே மாதிரி வண்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“செஞ்சுடலாங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் செய்த எதிலும் அதுவரை ஆள் படுத்ததில்லை. ஒரு குழந்தை தூங்கப் போகிற இடத்தில் என் வெல்டிங் விட்டுப்போனால் என்ன ஆகும்? என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே ஆறுதல் சொன்னார்.

“பயம் எனக்குந்தாங்க. எங்க வூட்ல ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் பர்மிஷன். அதுல ஏதாச்சும் ஆச்சுன்னா வண்டியோட சேத்து என்னையும் வித்துடுவாங்க.”

ஆளாளுக்கு ஒரு கேள்வி

கூடு எழும்ப எழும்ப, மார்க்கெட்டுக்கு வருகிற அத்தனை பேரும் பட்டறை முன்னால் ஒரு நிமிஷம் நின்றார்கள். ஆடு ஏற்றவா என்றார் ஒருவர். கோழிக்குஞ்சுக்கா என்றார் இன்னொருவர். வெள்ளை பெயின்ட் அடித்த அன்று வந்த பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, யார் தவறிட்டாங்க என்று மெதுவாகக் கேட்டார். நல்லவேளை, சேகர் அப்போது அங்கே இல்லை.

முனிரத்தினம் என்னோடு பதினைந்து வருஷமாக வேலை பார்ப்பவர். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், இரண்டிலும் வார்த்தை குறைவு. அன்று வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்தார்.

“வாடகை வூட்ல இருக்கறவன் சொந்த வூடு கட்டணும்னு தவிக்கறான். சொந்த வூடு இருக்கறவரு தகரத்துல படுக்கணும்ங்கறாரு. நமக்கென்னங்க, பத்தவெப்போம்.”

பழம் சொன்ன தீர்ப்பு

பழைய ஸ்பிரிங் ஒரு டன் பாரத்துக்குப் போட்டது. கூடும் ஒரு மெத்தையும் அதற்கு ஒரு பாரமே இல்லை. சின்னப் பள்ளத்துக்கே வண்டி எகிறியது. இந்த எகிறலுக்குக் கூடும் படுக்கையும் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? நமக்குத் தெரிந்த ஒரே வழி தக்காளி. மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிற கோவிந்தண்ணனிடம் நன்றாகப் பழுத்த பத்துப் பெட்டி கேட்டு வாங்கி ஏற்றினேன். சேகரின் ஜீப்பில் மாட்டி, ஏரிக்கரைக் கல் பாதையில் போய்விட்டு வந்தோம். திரும்பி வந்தபோது டிரெய்லர் அடியில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்பிரிங்கில் பாதிப் பட்டைகளைக் கழற்றினோம். ஷாக் அப்சார்பர் வைத்தோம். டயரில் காற்றைக் குறைத்தோம். மறுபடியும் பத்துப் பெட்டி, மறுபடியும் அதே பாதை. இந்தத் தடவை அடிப்பெட்டியில் நாலு பழம் மட்டும் வெடித்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கோவிந்தண்ணனைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் தள்ளி நின்றார்.

“மனுசங்கள வேணா ஏத்திக்கப்பா. எம்பழத்த மட்டும் இனிமே கேக்காத.”

கனமான தாழ்ப்பாள்

வண்டியை எடுத்துப்போக வந்த அன்றுதான் சேகரின் மனைவி ரேவதியை முதல்முறை பார்த்தேன். பள்ளிக்கூட டீச்சர். விடைத்தாள் திருத்துகிற மாதிரியே வண்டியைப் பார்த்தார். கூரையைத் தட்டினார், மெத்தையை அமுக்கினார், ஜன்னல் கம்பிவலையை இழுத்துப் பார்த்தார். வலை அசையவில்லை, நாலு பக்கமும் பற்றவைத்திருந்தேன். பிறகு மகளோடு உள்ளே ஏறிப் படுத்தார். சேகர் பெருமையாகப் பின்கதவுகளைச் சாத்தினார். நான் அதைவிடப் பெருமையாக மேலும் கீழும் இருந்த கனமான தாழ்ப்பாள்களைப் போட்டேன். “தூசிகூட உள்ள போகாதுங்க” என்றேன்.

உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. “அண்ணா, இத உள்ள இருந்து எப்படிங்க தெறக்கறது?”

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் தாழ்ப்பாளைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகக் கதவு செய்கிறேன். எல்லாம் சரக்கு வெளியே விழாமல் இருக்கச் செய்த கதவுகள். உள்ளே இருப்பது வெளியே வர நினைக்கும் என்கிற யோசனையே எனக்கு வரவில்லை. வெல்டிங் விடுமா, அச்சு தாங்குமா என்று பயந்தவன், குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டுகிற ஒரு பெட்டியைச் செய்து வைத்திருக்கிறேன். காட்டில் தீ ஒன்று பிடித்திருந்தால்? இரண்டு தாழ்ப்பாளையும் இழுத்துத் திறந்துவிட்டேன். ரேவதி கோபப்படவில்லை. புடவையைச் சரி செய்துகொண்டு இறங்கினார்.

“தக்காளி கதவத் தட்டாதுங்கண்ணா. நாங்க தட்டுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை

வண்டியை அன்று நான் விடவில்லை. உள்ளேயிருந்தே தாழ் போடவும், வெளியே யாராவது போட்டிருந்தாலும் உள்ளேயிருந்து ஒரே இழுப்பில் இரண்டும் விடுபடவும் ஒரு கைப்பிடி வைத்தேன். ஒரு ஜன்னல் வலையை அறுத்து, கீல் போட்டு, ஆள் நுழைந்து இறங்குகிற மாதிரி வெளிப்பக்கம் திறக்க வைத்தேன். பிறகு நானே உள்ளே படுத்துக்கொண்டு, வெளியே முனிரத்தினத்தைத் தாழ் போடச் சொல்லிப் பத்துத் தடவை திறந்து பார்த்தேன். பதினோராவது தடவை அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். ஞாயிறு காலை ஆறரைக்குப் போன் அடித்தது. திரையில் சேகர் பெயர், பேசியது ரேவதி. அவர் போனில் இவர் ஏன் பேசுகிறார் என்று நினைத்ததுமே பக்கத்தில் இருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். “எல்லாரும் நல்லா இருக்கீங்களாம்மா?” என்று மட்டும் கேட்க முடிந்தது.

“அவரும் பாப்பாவும் இன்னும் தூங்கறாங்கண்ணா. நாந்தான் ராத்திரி மூணு வாட்டி எந்திரிச்சு கதவத் தெறந்து பாத்தேன். மூணு வாட்டியும் தெறந்துச்சு. அடுத்த மாசம் ரெண்டு ராத்திரி போறோம்.”

அன்றிலிருந்து தக்காளி டிரெய்லர் செய்தாலும் கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி வைத்துவிடுகிறேன். இதுவரை எந்தப் பழமும் அதைத் திறந்துகொண்டு வெளியே வரவில்லை என்றாலும், என் தூக்கம் திரும்பி வந்துவிட்டது.