கையெழுத்து இல்லாத நாற்பத்தாறு ஓட்டு

1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நான் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பத்து வருடத்துக்கு அப்புறம் நடந்த தேர்தல் அது. ஆசிரியர் என்றால் தேர்தல் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். சத்தியமங்கலம் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே மூன்று மைல் உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊரில் எனக்கு ட்யூட்டி போட்டிருந்தார்கள். ஊராட்சி முழுவதற்கும் அந்த ஒரே வாக்குச்சாவடிதான்.

எங்கள் சாவடிக்குத் தலைமை அலுவலராக வந்தவர் வேறொரு ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடம்தான் பாக்கி. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். எனக்கு வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற வேலை. அந்தத் தேர்தலில் ஓர் ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டுக்கு, ஊராட்சித் தலைவருக்கு, ஒன்றியத்துக்கு, மாவட்டத்துக்கு என்று நாலு நிறத்தில் நாலு சீட்டு. ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை நான் நீட்ட வேண்டும். வெளியே யாராவது திருட்டுத்தனமாக அச்சடித்துக் கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிடக் கூடாதே, அதற்காகத்தான் அந்தக் கையெழுத்து. பயிற்சி வகுப்பில் இதைத்தான் தலைகீழாக மனப்பாடம் செய்யவைத்து அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஊரின் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்த தோட்டக்காரரின் மனைவி. அந்த அம்மாவை நான் பார்த்தது, காலையில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போன இரண்டு நிமிடம்தான். மற்றபடி ஏஜெண்டாகச் சாவடிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது, ஊருக்குள் ‘தலைவரு’ என்று அப்போதே அழைக்கப்பட்டது, எல்லாம் அவர் கணவர்தான். இன்னொருவர் நடவு வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிற ஓர் அம்மா. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கூலியில் குறைத்தால் வரப்பிலேயே நின்று சண்டை போட்டு வாங்கிக் கொடுப்பவர் என்று கேள்விப்பட்டேன்.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. தோட்டக்காரர் எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அத்தனை பணிவாகத் தலைமை அலுவலரைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, எங்கூருக்கு விருந்தாளியா வந்த ஒறம்பரைங்க நீங்க. சோத்துமூட்டையப் பிரிச்சு இங்கயே உக்காந்து தின்னீங்கன்னா ஊருக்கே அவமானமுங்க. பக்கத்துலதானுங்க ஊடு. ஒரு வாய் சாப்டுப்போட்டு வந்துருங்க.”

வேட்பாளர் தரப்பில் ஒரு டம்ளர் மோர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது விதி. நான் என் தயிர்சாத டப்பாவைக் காட்டி மறுத்துவிட்டேன். மற்ற இரண்டு அலுவலர்களும் எதையோ சொல்லித் தப்பித்தார்கள். தலைமை அலுவலர் மட்டும், “வருந்திக் கூப்பிடறாங்க, போகலீன்னா நல்லா இருக்காது” என்று கிளம்பிவிட்டார். போகுமுன் அவசர அவசரமாகச் சீட்டுக் கட்டுகளில் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்தார். “பத்து நிமிஷம்” என்றார்.

அவர் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, நடவுக்குப் போயிருந்த பெண்கள் திமுதிமுவென்று வந்துவிட்டார்கள். முழங்கால் வரைக்கும் சேறு. சேலையைத் தூக்கிச் செருகியபடியே வரிசையில் நின்றார்கள். நான் மளமளவென்று கொடுத்துக்கொண்டே வந்தேன். திடீரென்று பார்த்தால் தலைவர் பதவிக்கான சீட்டுக் கட்டில் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மற்ற மூன்று நிறத்திலும் கையெழுத்து இருக்கிறது, இதில் மட்டும் ஒரு கட்டு விட்டுப்போயிருக்கிறது. மறந்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வாசலில் நின்ற ஊர்த் தலையாரியை அனுப்பித் தலைமை அலுவலரைக் கூட்டிவரச் சொன்னேன். போன வேகத்தில் தலையாரி மட்டும் திரும்பி வந்தார்.

“இலையில உக்காந்துட்டாருங்க, டீச்சர். பாதிச் சாப்பாட்டுல எந்திரிங்கன்னு நா எப்புடிங்க சொல்றது?”

தோட்டக்காரர் நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். “நெசந்தானுங்களே, அம்மணி? இலையில உக்காந்தவரை எழுப்பறது நம்ம பக்கத்துல மரியாதைங்களா? அவிங்களை நிறுத்தாதீங்க. நீங்க பாட்டுக்குக் குடுங்க, ஐயா வந்து கையெழுத்தப் போட்டுக்குவாருங்க.”

வந்து போட்டுக்கொள்வாராம்! மடித்துப் பெட்டிக்குள் போட்ட சீட்டில் எந்த மகராசன் வந்து கையெழுத்துப் போட முடியும்? இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நடவு அம்மாவின் தரப்பு ஏஜெண்டு அவருடைய மருமகள்; கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். மற்ற அலுவலர்கள் இருவரும் வாக்காளர் பட்டியலை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. வரிசையில் முன்னால் நின்ற பெண்ணோ பொறுமை இழந்துவிட்டாள்.

“ஏனுங் டீச்சர், அரை மணி நேரந்தானுங்க உட்டுருக்கறாங்க. லேட்டாப் போனா அரைநாள் கூலியப் புடிச்சுப்போடுவாங்க. இல்லீன்னா சொல்லிப்போடுங்க, நாங்க போயிர்றோம்.”

அவர்கள் போய்விட்டால் திரும்பி வரமாட்டார்கள். விதிப்படி ஓட்டுப்பதிவை நிறுத்திவிட்டு, நானே எழுந்து போய் அந்த மனிதரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பிடுகிற பெரிய மனிதரை எழுப்புவதா என்று எனக்குள்ளும் ஒரு கூச்சம். நானும் இந்த மண்ணில் வளர்ந்தவள்தானே! கொடுத்தேன். ஒன்றல்ல இரண்டல்ல, நாற்பத்தாறு சீட்டு. என் கையாலேயே கிழித்து மடித்துக் கொடுத்தேன்.

வாயில் வெற்றிலையோடு அவர் வந்தபோது மணி ஒன்றரை. விஷயத்தைச் சொன்னேன். முகம் ஒரு நொடி மாறியது. பிறகு மிச்சமிருந்த சீட்டுகளில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “உள்ள போனதை யாரு பாக்கப்போறாங்க டீச்சர்? நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் வம்பு” என்றார். தலைமை அலுவலரின் டைரி என்று ஒன்று உண்டு. இம்மாதிரித் தவறுகளை அதில் எழுதியே ஆகவேண்டும். சாயங்காலம் அவர் அதை எழுதி முடித்தபோது எட்டிப் பார்த்தேன். ‘வாக்குப்பதிவு அமைதியாக நடைபெற்றது’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். பெட்டிக்கு அரக்கு வைத்தோம், ஏஜெண்டுகள் கையெழுத்துப் போட்டார்கள், லாரி வந்தது, ஏற்றிவிட்டோம். நானும் வாயைத் திறக்கவில்லை.

எண்ணிக்கை இரண்டு நாள் கழித்து நடந்தது. எண்ணுகிற வேலைக்கும் என்னைப் போட்டிருந்தார்கள், ஆனால் வேறு மேசைக்கு. பதினோரு மணி வாக்கில் அந்த ஊரின் மேசையில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், தோட்டக்காரர் ஒரு கற்றைச் சீட்டைக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்.

“சார், பாருங்க, கையெழுத்தே இல்லீங்க! எங்கியோ அச்சடிச்சுக் கொண்டாந்து திணிச்சிருக்கறாங்க. அத்தனையும் கள்ள ஓட்டுங்க. ரூல்ஸ்னா ரூல்ஸ்தானுங்களே? தள்ளிப்போடுங்க.”

‘நீங்க பாட்டுக்குக் குடுங்க’ என்று சொன்ன அதே வாய்! சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது இருந்த அதே பணிவு, பேச்சுக்குப் பேச்சு அதே ‘ங்க’. ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையாக இவ்வளவு அயோக்கியத்தனம் செய்ய முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

எதிரே அந்த நடவு அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“நடவுல இருந்து ஓடியாந்து, வரிசையில நின்னு போட்ட ஓட்டுங்க இது. எங்களையாங்க திருடிங்கறீங்க?”

எண்ணிக்கையை நடத்திய தேர்தல் அதிகாரி, எங்கள் சாவடியின் தலைமை அலுவலராக இருந்த அந்தத் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார். அவரும் அங்கேதான் இன்னொரு மேசையில் இருந்தார். வந்தார், சீட்டைத் திருப்பிப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “முப்பது வருஷ சர்வீஸ் சார். நான் கையெழுத்துப் போடாம ஒரு சீட்டுக்கூட வெளிய போகலை. இது எங்க சாவடிச் சீட்டே இல்ல.”

தன் சர்வீஸைக் காப்பாற்றிக்கொள்ள நாற்பத்தாறு பெண்களைக் கள்ள ஓட்டுப் போட்டவர்களாக ஆக்கிவிட்டார். போலீஸைக் கூப்பிடலாமா என்று யாரோ பேச ஆரம்பித்தார்கள். மேசையில் கிடந்த சீட்டுகளில் ஒன்றின் ஓரத்தில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

“சார், இது நான் கொடுத்த சீட்டு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. நடந்ததையெல்லாம், சாப்பாட்டுக்குப் போனதில் இருந்து, ஒன்று விடாமல் சொன்னேன்.

தோட்டக்காரர் அப்போதும் கோபப்படவில்லை. “டீச்சரம்மா நல்லவங்கதானுங்க. பாவம், பயத்துல என்னமோ ஞாபகப் பிசகுங்க” என்றார். அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

பயிற்சி வகுப்பில் கொடுத்த கைப்புத்தகம் என் பையில் இருந்தது. இடையில் கிடைத்த இரண்டு நாளும் எனக்கு என்ன தண்டனை வரும் என்று பார்க்கத்தான் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்ட இடத்தை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தேன். கையெழுத்து இல்லாத சீட்டைத் தள்ளிவிட வேண்டும் என்பது விதிதான். ஆனால் அதற்குக் கீழேயே, அந்தக் குறை அலுவலரின் தவறால் வந்தது என்று தெரிந்தால், அதற்காக மட்டும் அந்தச் சீட்டைத் தள்ளக் கூடாது என்றும் போட்டிருந்தது. ஓட்டுப் போட்டவர் என்ன பாவம் செய்தார் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்! மேல்வரியை மட்டும் எல்லோரும் படிக்கிறார்கள், கீழ்வரியைப் படிக்க ஆளில்லை.

அதிகாரி இளவயதுக்காரர், நிதானமானவர். அதை இரண்டு முறை படித்துவிட்டு, எங்கள் சாவடியின் சீட்டுக் கணக்கை எடுக்கச் சொன்னார். எத்தனை சீட்டு வந்தது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுத்தோம், எத்தனை மிச்சம் என்று எழுதித் தலைமை அலுவலர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள் அது. நாற்பத்தாறு சீட்டின் எண்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் எங்களுக்கு வந்த கட்டின் எண்களே. வெளியிலிருந்து திணித்திருந்தால் பெட்டியில் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். கொடுத்த எண்ணிக்கையும் பெட்டியில் இருந்த எண்ணிக்கையும் ஒன்று பிசகாமல் பொருந்தின. அந்தத் தாளின் அடியில் இருந்தது தலைமை ஆசிரியரின் கையெழுத்து.

“இதாவது உங்க கையெழுத்துதானே சார்?” என்று அதிகாரி கேட்டார்.

பிறகு அதிகாரி என்னிடம் திரும்பி, “எழுதிக் கொடுக்கணும். உங்க மேல நடவடிக்கை வரும், தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். எழுதிக் கொடுத்தேன். அத்தனை ஆத்திரம் எனக்கு.

நாற்பத்தாறும் செல்லும் என்று அறிவித்து எண்ணினார்கள். அதில் நாற்பத்தொன்று அந்த நடவு அம்மாவுக்கு விழுந்திருந்தது. அப்படியும் பன்னிரண்டு ஓட்டில் அவர் தோற்றுப்போனார். வெளியே பட்டாசு வெடித்தது. ஜெயித்த அம்மாவைக் காணோம். மாலை தோட்டக்காரர் கழுத்தில் விழுந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது வாசல் குழாயடியில் அந்த நடவு அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தோத்தது கெடக்குதுங்க, டீச்சர். எண்ணிப் பாத்துத்தானுங்க தோத்தேன், எங்காளுக மூஞ்சியில முழிக்கலாம். ஆனா இன்னிக்குச் சொன்னதை நீங்க அன்னிக்குச் சாயங்காலமே சொல்லியிருந்தீங்கன்னா, அத்தன பேருக்கு முன்னால எங்களைக் கள்ள ஓட்டுன்னு ஒருத்தரு சொல்லியிருக்க முடியுங்களா?”

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களோடு நடந்துபோனார்.

எனக்கு மெமோ வந்தது. விசாரணை நடத்தி இன்கிரிமென்டை ஆறு மாதம் நிறுத்தினார்கள். தலைமை ஆசிரியர் ‘ஞாபக மறதி’ என்று எழுதிக் கொடுத்து, ஒரு கண்டிப்போடு தப்பித்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் கையெழுத்து இல்லாத சீட்டைக் கொடுத்ததற்குத்தான் அந்த மெமோ தண்டனை தந்தது; எல்லாம் தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, அதற்காக எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை இன்னும் முடிந்தபாடில்லை.