கடைசிப் பெயருக்கு மட்டும் ஒரு கடிதம்

பரமலிங்கத்தை நான் முதலில் கண்டது 1981இல், கொழும்பில் ஒரு கம்பனியின் கொம்பியூட்டர் அறையில். பெயரைக் கேட்கவில்லை. ஊரில் எவடம் என்று கேட்டார். இறுப்பிட்டி என்றேன். அதே புங்குடுதீவில் தான் மடத்துவெளி என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் முதற்பட்டம் என்னுடையது, அதுவும் கணிதத்தில். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொம்பியூட்டரைத் தொட்ட முதற் புங்குடுதீவான் தாம் என்ற நினைப்பிலேயே இருந்தார்.

அடுத்த வருடம் எங்கள் ஊர்ச் சங்கம், உதவிப்பணம் கேட்ட நாற்பத்திரண்டு பிள்ளைகளை நேர்முகத்துக்கு அழைக்க வேண்டியிருந்தது. கடிதங்களை அடித்துத் தருவதாகப் பரமலிங்கம் முன்வந்தார். கொம்பியூட்டருக்குக் கட்டளையிடும் நிரல் ஒன்று, பட்டியலை வாசித்துப் பெயர்களை ஒவ்வொன்றாக, குழாயில் விடுவதுபோல் அடுத்த பகுதிக்குத் தள்ளும். செயற்கூறு எனப்படும் அந்தப் பகுதி இவர் எழுதியது; அது பெயர்களை வாங்கி ஒவ்வொன்றுக்கும் கடிதம் அச்சிட வேண்டும். தன் பெயர் ஒன்றை மட்டும் கொடுத்துச் சோதித்தார். அழகான கடிதம் வந்தது. அந்தத் திருப்தியில், திகதி கழிந்து விண்ணப்பித்த தமக்கை மகளின் பெயரையும் பட்டியலின் அடியில் செருகினார். அச்சானதைத் தபாலில் சேர்ப்பது பியோனின் வேலை. இவர் எட்டியும் பார்க்கவில்லை.

போனது ஒரே கடிதம். தமக்கை மகளுக்கு.

ஊர் வாசிகசாலையில் சங்கக் கூட்டம் கூடியது. பரமலிங்கம் பிழையை ஒப்புக்கொண்டால் மற்றவர்களை மறுபடி அழைக்கலாம். இல்லாவிட்டால் தெரிவு முடிந்ததாகிவிடும், நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் அந்த வருடம் உதவி இல்லை. தலைவர் கதிர்காமு காரணம் கேட்டார்.

"மெசின் தெரிஞ்செடுத்தது. மெசினுக்குச் சொந்தபந்தம் தெரியாது, அண்ணை."

சனம் அவரைக் கள்ளன் என்றது. அதைத் தாங்கிக்கொண்டார். நிரல் எழுதத் தெரியாதவர் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

அவருடைய நிரலை நான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு பெயரும் வரும்போது செய்யவேண்டியதை, எல்லாம் வந்து முடிந்த பிறகு ஓடும் பகுதியில் எழுதியிருந்தார். ஒரே பெயரைக் கொடுத்துச் சோதித்தால் அந்தப் பிழை தெரியாது. எழுந்து தலைவருக்கு விளக்கினேன்.

"நயினாதீவுக் கோயிலிலை ஐயர் தட்டு வர வரப் பேர் சொல்லித்தானே அருச்சனை செய்யிறவர்? இவரின்ரை நிரலிலை இருக்கிற ஐயர் எல்லாத் தட்டும் போய் முடியுமட்டும் வாய் திறக்கேல்லை. கடைசித் தட்டுத்தான் கையிலை நிண்டது. அதுக்கு மட்டும் மணியடிச்சார்."

தன் மகளுக்கும் அழைப்புக் கடிதம் வருமென்று காத்திருந்த சின்னத்தங்கம் அக்கா பின்வரிசையிலிருந்து கேட்டார்: "அப்ப எங்கடை தேங்காயை ஆர் தம்பி உடைச்சது?"

கூட்டம் சிரித்தது. கள்ளன் என்றபோது அசையாதவர் இப்போது தலையைக் குனிந்தார். பிழைச்சுப்போச்சு என்று முணுமுணுத்தார். கதிர்காமுவுக்கு அது போதும். அந்த மேசையிலேயே நாற்பத்திரண்டு கடிதங்களை எழுதினோம். பிந்தி வந்த பெயரைச் சங்கம் வெட்டியது.

இப்போது பரமலிங்கம் அதே கம்பனியில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு நிரல் எழுதப் படிப்பிக்கிறார்.