சுவரில் இருந்த நாலு மாதமும் பத்து நாளும்

உம்மாவின் அறைச் சுவரைச் சுரண்டச் சொன்னது நான்தான். சுவர் வேலைக்கு வந்த மேசன் விடவா சுரண்டவா என்று கேட்டார், நான் சுரண்டச் சொன்னேன். இதை முதலில் எழுதிவிட்டால்தான் எனக்கு மிச்சத்தை எழுத வரும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை அங்கேயே வந்து குடியிருப்பார். கல்முனையில், கடலுக்குப் போகும் ஒழுங்கையில் இருக்கிற இந்த வீடு உம்மாவுக்கு அப்படி வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் நீளமான விறாந்தை. கடல் ஊருக்குள் வந்த நாளிலும் விழாமல் நின்ற வீடு. எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியதும், உம்மாவின் தம்பியான என் மாமா, வீட்டை உடைத்து மாடி கட்ட வேண்டும் என்றார். ஒழுங்கையில் எல்லாரும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

நான் விடவில்லை. வாப்பா வயலில் கூலிக்கு நின்றவர். உம்மா கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து கம்பஸ் வரை போன முதல் ஆள் நான். அங்கே தொல்லியல் படித்தேன். பழைய கட்டடத்தை அளந்து, படம் எடுத்து, எது ஆதியில் இருந்தது, எது பிறகு சேர்ந்தது என்று பட்டியல் போடத் தெரியும். ஊரில் பழைய வீடுகளை உடைக்காதீர்கள் என்று கூட்டங்களில் கதைத்தவளும் நான்தான். எங்கள் வீட்டையே உடைத்துவிட்டு பிறகு எந்த முகத்தோடு கதைப்பது?

"மாப்புள வந்து படுத்துக்கிட்டு ஓட்டு ஓட்டைக்குள்ளால வானத்தப் பாக்கட்டும்," என்றார் மாமா.

"ஒழுகாமச் செய்யலாம் மாமா. உடைக்கத் தேவயில்ல."

"படிச்ச புள்ளகளோட கதைக்க ஏலா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

உம்மா யார் பக்கமும் சேரவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "இப்ப இரிக்கிற மாதிரியே இரிக்குமா மகள்?"

"ஓம் உம்மா. பழசு ஒண்டும் போகாது."

அந்தப் பேச்சை நம்பித்தான் வீட்டை என் கையில் விட்டுவிட்டு, ஓடு பிரிக்கிற நாட்களில் மருதமுனையில் தன் தங்கச்சியான சாச்சியின் வீட்டுக்குப் போனார்.

நான் ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே குறிப்பு எழுதினேன். முன் கதவு நிலை: ஆதியானது, வைத்திருக்க வேண்டும். விறாந்தைத் தூண்: ஆதியானது, வைத்திருக்க வேண்டும். உம்மாவின் அறை, மேற்குச் சுவர்: பிறகு பூசிய நிறம், அதன் மேல் வெற்றிலைச் சுண்ணாம்புக் கறை. அகற்ற வேண்டும்.

மேசன் வயதானவர். என்னை மிஸ் என்று கூப்பிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சுவருக்கு வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், இதுல சுண்ணாம்புப் பொட்டா இரிக்கி. விடவா, சுரண்டவா?"

"வெத்தில போட்டுட்டு விரலத் தொடச்சது. சுரண்டுங்க."

"தொடச்ச மாதிரித் தெரியல்ல மிஸ். வரிசையா இரிக்கி."

நான் பட்டியலைக் காட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு சுரண்டினார். பின்னேரத்துக்குள் அடியில் இருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு வெளியே வந்தது. முட்டை ஓடு மாதிரி மினுங்கியது. அதைப் படம் எடுத்துக் கூடப் படித்தவர்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் புகழ்ந்தார்கள்.

வேலை முடிந்து உம்மா சாச்சியோடு வந்தார். விறாந்தைத் தூணைத் தொட்டுப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், சிரித்தார். தன் அறைக்குள் போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மேற்குச் சுவருக்கு முன்னால் நின்றார்.

"நல்ல வெள்ளையா வந்திரிக்கி," என்றார்.

குசினிக்குள் சாச்சி என் கையைப் பிடித்தார். "என்னடி புள்ள செஞ்சி வெச்சிரிக்காய்? அது ஒங்கும்மா இத்தாவுல நாள் எண்ணின சுவரெல்லோ."

வாப்பா மௌத்தானபோது நான் கம்பஸில் இரண்டாம் வருடம். ஜனாஸாவுக்கு வந்து, ஏழாம் நாள், கம்பஸில் சோதனை எழுதத் திரும்பிப் போனேன். உம்மாதான் போகச் சொன்னார். கணவனை இழந்த பெண் இத்தா இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் உம்மா அந்த அறைக்குள் இருந்தார். அப்படித் தெரியும், அவ்வளவுதான். உள்ளே எப்படி இருந்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சாச்சி சொன்னார். வாப்பா போனது தலைப்பிறை அன்று. மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு, உம்மா வெற்றிலைத் தட்டில் இருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டுச் சுவரில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு தினமும் ஒன்று. புதுப் பிறை கண்டதும் புது வரிசை. நாலு வரிசை முடிந்து, அதற்குக் கீழே பத்துப் பொட்டில் ஒரு குட்டி வரிசை. மாமா சுவர்க் கலண்டரில் இங்கிலீஷ் மாதத்தை எண்ணி இன்னும் நாலு நாள் இருக்கிறது என்றாராம். உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மௌலவியிடம் கேட்டபோது உம்மாவின் பிறைக் கணக்குத்தான் சரியாக இருந்தது.

எழுதத் தெரியாத உம்மா எழுதிய ஒரே எழுத்து அது. அதற்குத்தான் நான் கறை என்று பெயர் வைத்தேன்.

சுரண்டுவதற்கு முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யன்னல் வெளிச்சம் விழுந்து பாதிச் சுவர் வெளிறிப் போயிருந்தது. இரண்டு வரிசைக்கு மேல் எண்ண முடியவில்லை.

மறுநாள் காலை உம்மாவிடம் போய், "ஏன் உம்மா எனக்கிட்டச் சொல்லல்ல?" என்று கேட்டேன். கேட்கும்போதே குற்றத்தை அவர் தலையில் போடுகிற மாதிரி இருந்தது.

"நீ படிச்ச புள்ள. பாத்தா வெளங்கும் எண்டு நெனச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அழ வந்திருக்கும். "நாள் முடிஞ்சிதானே மகள். அழிஞ்சா அழியட்டும்," என்று சொல்லி, அரிசி அரிக்கத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமா வந்தார். அறை அறையாக நடந்து பார்த்தார். "எல்லாம் புதுசு மாதிரித்தான் இரிக்கி. இதுக்கு உடைச்சே கட்டியிருக்கலாம்," என்றார்.

உம்மா அடுப்படியில் இருந்தபடியே சத்தமாகச் சொன்னார்:

"அவள் நல்லாத்தான் செஞ்சிரிக்காள். ஒண்டும் போகல்ல."

தன் அறையை எனக்கும் வரப்போகிற மாப்பிள்ளைக்கும் என்று உம்மா ஒதுக்கிவிட்டார். சுண்ணாம்பு மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிறார். அந்த மணம் போய்க் கனகாலமாகிறது.