கம்ப்யூட்டர் லேப் வாசலில் கழற்றிய ஷூக்கள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். ஆய்வுக் குழு வரப்போகிறது, நெருப்புப் பிடித்தால் மாணவர்களை எப்படி வெளியேற்றுவீர்கள் என்று கேட்பார்கள், ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள் என்று முதல்வர் அந்த வேலையை என் தலையில் கட்டினார். ஏன் என்னிடம் என்று கேட்டேன். "நீங்கதானம்மா எதைப் பார்த்தாலும் ஏன், எதுக்குன்னு கேட்டுட்டே இருக்கீங்க" என்றார். உண்மைதான். எனக்கு அந்த வியாதி உண்டு.

கட்டடத்தின் வரைபடத்தில் சிவப்பு மையால் அம்புக்குறிகள் போட்டேன். வாலிபால் மைதானம்தான் எல்லோரும் வந்து கூடும் இடம். காகிதத்தில் எல்லோரும் சமர்த்தாக அம்புக்குறி வழியே போனார்கள். நிஜத்தில் போவார்களா என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பாடம் கெடக் கூடாதென்று கடைசி வகுப்பு நேரத்தில் ஒத்திகை வைத்தோம்.

மணியை விடாமல் அடித்ததும் வகுப்புகள் கலகலவென்று இறங்கி வந்துவிட்டன. இரண்டாம் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் லேப் மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் லேப் என்றால் கிட்டத்தட்டக் கர்ப்பக்கிருகம். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று ஷூவை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உயிர் தப்பி ஓட வேண்டிய வகுப்பு, குனிந்து அவரவர் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தது. "டேய், அது என்னுதுடா!" என்று ஒருவன் தமிழில் கத்த, இன்னொருவன் தெலுங்கில் திட்ட, ஒரு பெண் கன்னடத்தில் அலுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வாரம் மறுபடி ஒத்திகை. ஷூவைத் தொடவே கூடாது, வெறுங்காலோடு வாருங்கள் என்று முன்பே சொல்லி வைத்தேன். வந்தார்கள். வெயிலில் கொதித்த மைதானத்தில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைந்தது.

மேலே ஓடினேன். ஒரு மாணவன் ஷூக் குவியலுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"உயிரை விட ஷூ பெரிசா உனக்கு?"

"என்னுது இல்லீங்க மேடம், அப்பாவுது. அவரு ரெண்டாவது ஷிஃப்ட் போவணும்ங்க."

விசாரித்தேன். அப்பா அதே சாலையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ இல்லாமல் அங்கே கேட்டைத் தாண்ட முடியாது. கறுப்புத் தோல் ஷூ இல்லாமல் எங்கள் கல்லூரிக்குள் நுழைய முடியாது. இரண்டுக்கும் சேர்த்து வீட்டில் இருந்ததோ அப்பாவின் கறுப்பு சேஃப்டி ஷூ ஒரே ஜோடி. காலையில் மகன் போட்டுக்கொண்டு வருவான். லேப் முடிகிற நேரத்தில் அப்பா ரப்பர் செருப்போடு எதிர்ப்புற பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பார். கம்பெனி பஸ் வருவதற்குள் மாற்றிக்கொள்வார்கள்.

"நிஜமாவே நெருப்புப் புடிச்சா என்ன செய்வே?"

கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "எடுத்துக்கிட்டுத்தாங்க மேடம் வருவேன்" என்றான்.

மறுநாள் பஸ் ஸ்டாப்புக்கே போய் அந்த அப்பாவைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. "போன வருசம் வரைக்கும் அவனுக்குத் தொளதொளன்னு இருக்கும்ங்க, துணிய அடைச்சுப் போட்டுக்குவான். இந்த வருசந்தான் கால் சரியா வந்துச்சு" என்றார், மகன் ரேங்க் வாங்கியது போல. ஒரு ஜோடி நான் வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாங்க மேடம். தீவாளிக்கு எனக்குப் புதுசு தருவாங்க. இது அவனுக்கு ஆயிரும்" என்றவர், பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு, "ஒரு ஷிஃப்ட் போவலன்னா அடுத்த நாள் வேற ஆளப் போட்டுருவாங்க. அதான் பயம்ங்க" என்றார்.

லேப்புக்குள் ஷூவோடு விடலாமே என்று முதல்வரிடம் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். அவர் அகராதியில் அதற்கு முடியாது என்று பொருள். பிறகு சம்மதித்தார், ஆனால் அது கோடை விடுமுறைக்கு அப்புறம். அதற்கு முன் ஒரு நாள் லேப்பை ஒட்டிய யூபிஎஸ் அறையில் பேட்டரி கருகிப் புகை கிளம்பியது.

இந்த முறை ஒத்திகை இல்லை. படிக்கட்டெல்லாம் ரப்பர் எரிகிற நாற்றம். ஆனால் லேப் வகுப்பு ஒரு ஷூவைக்கூடத் தொடாமல் வெறுங்காலோடு மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. என் திட்டம் பலித்துவிட்டது என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. யார் என்று நான் கேட்கவில்லை.

படிக்கட்டை நோக்கி ஓடினேன். பாதி வழியில் அவன் எதிரே வந்தான். கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே, ஷூ இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். "நில்லுடா!" என்று கத்தினேன். நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கம்பெனி பஸ் வந்து நின்றிருந்தது. அவன் ஷூவை நீட்டினான். அப்பா வாங்கித் தரையில் வைத்தார். மாடியில் எழும்பும் புகையைப் பார்த்தார், மகன் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். அப்பா திரும்பவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

"பஸ் போயிருச்சேப்பா" என்று பையன் அழத் தொடங்கினான்.

"போனாப் போவுது உடு" என்றார் அவர், ஷிஃப்டுக்கென்று வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி. "வாயக் கொப்புளிச்சிட்டு ரெண்டு வாய் குடி மொதல்ல."